பத்து நாளில் மட்டக்களப்புக்கு அரை நாளா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். மதுரையிலிருந்து ஒரு குடும்பம்: கணவன், மனைவி, அறுபத்தைந்து வயதில் அம்மா, ஒன்பது வயதில் மகன். ஜூலை மாதம் பத்து நாள் இலங்கை. ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை, காலி, கொழும்பு எல்லாம் நிறைய இருக்கிறது. நடுவில் ஏழாம் நாளுக்கு மட்டும் "மட்டக்களப்பு, பாடும் மீன், பாசிக்குடா, அரை நாள்" என்று ஒரு வரி. அந்த அரை நாள் தேவைதானா, மீன் உண்மையில் பாடுமா, கிழக்கில் வேறு என்ன இருக்கிறது, எங்கள் தமிழ் அங்கே எடுபடுமா, பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பு நகரத்தை ஒட்டிய கல்லடியில் பிறந்தவன். பன்னிரண்டு வருடம் இதே கிழக்குக் கரையில் தெற்கே இருக்கும் அறுகம்பேயில் ஒரு விடுதியில் வேலை பார்த்துவிட்டு இப்போது திரும்ப ஊரோடு இருக்கிறேன். அதனால் என் பேச்சில் ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள். கழித்த பிறகும் என் பதில் இதுதான்: அந்த அரை நாளை வெட்டிவிடுங்கள். வெட்ட மனம் வராவிட்டால் ஐந்து நாளாக்குங்கள். அரை நாளுக்கு மட்டக்களப்பு வருவது, கல்யாண வீட்டுக்கு வந்து வாசலில் சந்தனத்தை மட்டும் பூசிக்கொண்டு போவது மாதிரி. நுவரெலியாவிலிருந்து மலை இறங்கி இங்கே வந்து சேரவே பகல் போய்விடும், அப்புறம் எங்கே அரை நாள்?

ஏஜென்டின் திட்டத்தில் இன்னொரு தவறும் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஜூலையில் உங்களைப் பெந்தோட்டைக்கும் காலிக்கும் கடல் குளிக்க அனுப்புகிறார். அந்த மாதம் தென்மேற்குப் பருவக்காற்று. அந்தப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கிடக்கும், கரையில் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள், மலைநாட்டிலும் மழை. அதே நேரம் எங்கள் பக்கம் வானம் வெளுத்து, கடல் குளம் மாதிரி கிடக்கும். இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் ஒரு பக்கம் மழை என்றால் மறுபக்கம் வெயில். எங்களுக்கு மாரி ஐப்பசி பிற்பகுதியிலிருந்து தை வரை. அப்போது வாவி (கடலோடு சேரும் உப்பங்கழியை நாங்கள் அப்படிச் சொல்வோம்) நிரம்பி வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். டிசம்பரில் யாராவது கேட்டால் நானே காலிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்கு. இந்த ஊருக்கு வருகிறவர்கள் இடத்தைப் பார்த்துத் திட்டம் போடக்கூடாது, மாதத்தையும் மணியையும் பார்த்துப் போட வேண்டும். நல்ல இடத்தையே தப்பான நேரத்தில் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று போனவர்கள் எத்தனையோ பேர்.

என் சொந்தக்காரர் ஒருவர் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்தார். நல்ல கச்சான் காற்று அடிக்கிற காலம், பகல் பன்னிரண்டு மணி. வேனிலிருந்து இறங்கிக் கல்லடிப் பாலத்தில் நின்று, கைப்பிடிக் கம்பியைத் தொட்டுச் சுட்டுக்கொண்டு, தண்ணீரை எட்டிப் பார்த்து, "மீன் எங்கே?" என்றார். பத்து நிமிடம் நின்றார்கள். பிறகு வேனில் ஏறிக் கண்டிக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் போனில் பேசினால் "உங்க ஊர் மீன் ஊமை" என்கிறார். (கச்சான் காற்று என்றால் மேற்கிலிருந்து வரும் காய்ந்த சூட்டுக் காற்று. கடையில் "கச்சான்" என்று கேட்டால் வறுத்த நிலக்கடலை தருவார்கள். குழம்ப வேண்டாம்.)

மீன் விஷயத்தைச் சொல்கிறேன். சத்தம் உண்மை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, காற்று அடங்கிய இரவு, அதிலும் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், கல்லடிப் பாலத்தை அண்டிய இடத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும். பாட்டு என்று நினைத்துப் போகாதீர்கள். தம்புராவின் ஒரு தந்தியை யாரோ தூரத்தில் மீட்டிவிட்டு விட்ட மாதிரி, நடுவில் தவளை மாதிரி ஒரு கொறகொறப்பு, பிறகு திரும்ப அந்த ரீங்காரம். 1848-ல் இலங்கையின் பிரிட்டிஷ் ஆட்சியில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் நிலவில் தோணி ஏறிப் போய்க் கேட்டுவிட்டு எழுதி வைத்திருக்கிறார். இது எதன் சத்தம் என்று அவர் கேட்டபோது மீனவர்கள் காட்டியது மீனை இல்லை, ஊரியை. வாவி அடியில் கிடக்கும் நத்தை மாதிரியான சிப்பிதான் ஊரி. எங்கள் கிழவர்கள் இன்றைக்கும் ஊரிதான் பாடுகிறது என்பார்கள். பிற்காலத்தில் அமெரிக்க யேசுசபைப் பாதிரியார் ஒருவர் இந்த ஒலியைப் பதிவு செய்து அது வானொலியிலும் போனது. மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை; "மீன் பாடும் தேனாடு" என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஊரி பாடும் தேனாடு என்று வைத்தால் யார் வருவார்கள்?

அதனால் உங்கள் பயணத் தேதியைக் காலண்டரில் பௌர்ணமியோடு பொருத்திப் பாருங்கள். அந்த இரவு மட்டக்களப்பில் இருக்கிற மாதிரித் திட்டம் போடுங்கள். தங்குமிடத்துக்காரரிடம் சொன்னால் தோணிக்காரர் ஒருவரைப் பிடித்துத் தருவார். இயந்திரம் பூட்டிய படகு வேண்டாம், துடுப்புப் போடும் தோணிதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பையனுக்குக் கட்டாயம் உயிர்காப்பு அங்கி கேளுங்கள். இரவு ஒன்பதரைக்குப் பிறகு வீதிச் சத்தம் குறையும். கேட்காமலும் போகலாம், அப்படியானாலும் நிலவில் ஒரு மணி நேரம் வாவியில் கிடந்த கணக்கு மிஞ்சும். ஒரு விஷயம்: இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை பூட்டு, ரயிலில் இடமிருக்காது. அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள், இருந்த இடத்தில் இருங்கள்.

எப்படி வருவது? கொழும்பிலிருந்து வீதியால் ஏறக்குறைய 315 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் அம்மாவுக்கு நல்லது. உதயதேவி கொழும்புக் கோட்டையிலிருந்து காலையில் புறப்பட்டுப் பிற்பகலில் இங்கே சேர்க்கும், முழுப் பகலும் போகும், ஆனால் மாகோ தாண்டிய பிறகு குளமும் காடுமாக வரும். அவசரப்பட்டுப் பயனில்லை, காட்டுப் பகுதியில் யானைக்காக மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைக் காட்டில் ரயில் மோதி 6 யானைகள் ஒரேயடியாகச் செத்துப்போயின, அதற்குப் பிறகு ரயில் மெதுவாகப் போகிறது என்று நான் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. நேரங்கள் அவ்வப்போது மாறும், வெள்ளம் வந்தால் பாதையும் மறிபடும், ஆகவே ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் நிலையத்தில் கேட்டு ஆசனம் பதிந்துகொள்ளுங்கள்.

வழியில் பொலன்னறுவையில் ஒரு இரவு தங்கலாம். கல்விகாரையின் புத்தர் சிலைகளை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் கட்டாயம் தேடிப் போக வேண்டியது இரண்டாம் இலக்கச் சிவாலயம் என்று பலகையில் எழுதியிருக்கும் வானவன்மாதேவி ஈஸ்வரம். முழுக்கக் கல், சோழர் காலம், அப்போது இந்த ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர். தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்கு இது கைக்குழந்தை மாதிரித் தெரியும், ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முன் கடல் தாண்டி வந்து கட்டியது என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை சுற்றி வாருங்கள். நுழைவுச் சீட்டில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி ஊர். மட்டக்களப்பு நகரம் புளியந்தீவு என்ற தீவில் இருக்கிறது, சுற்றிலும் வாவி. வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை, சூரியன் எழுகிற கரை. மேற்கே வயல் பக்கம் படுவான்கரை, சூரியன் படுகிற கரை. இதற்கு மேல் ஒரு வரைபடம் தேவையில்லை. வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீட்டர் நீளம், ஊர்க்காரர் பலர் அதை "ஆறு" என்றே சொல்வார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து புளியந்தீவை நடந்து சுற்றுங்கள், எட்டரைக்குள் முடிந்துவிடும், பிறகு வெயில் நிற்க விடாது. 1628-ல் போர்த்துக்கேயர் கட்டி, 1638-ல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை வாவிக் கரையில் இருக்கிறது. அதற்குள் கச்சேரி இருந்தது என்று யாராவது சொன்னால் பாட்டுக் கச்சேரி என்று நினைக்காதீர்கள், எங்களுக்குக் கச்சேரி என்றால் மாவட்ட அரசாங்க அலுவலகம். கோட்டை பெரிதில்லை, பீரங்கியும் கொத்தளமும் வாவிக் காற்றும். அப்படியே 1814-ல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரிப் பக்கம் நடந்து, காந்தி பூங்காவில் இருந்து, பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டி குடியுங்கள். பிளேன்டி என்றால் பால் இல்லாத தேத்தண்ணி. பால் வேண்டுமென்றால் பால்தேத்தண்ணி என்று கேட்க வேண்டும், வெறுமனே டீ என்றால் எது வரும் என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது.

மாலையில் பாலம் தாண்டிக் கல்லடி. சுவாமி விபுலாநந்தரின் சமாதி இங்கேதான், அவர் வளர்த்த சிவானந்தா பள்ளியோடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் எங்கள் காரைதீவில் 1892-ல் பிறந்தவர் என்பது உங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பழந்தமிழ் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து யாழ் நூல் எழுதி, அது 1947-ல் அரங்கேறி, அதே வருடமே கண்ணை மூடினார். சத்தம் கேட்கும் வாவிக் கரையில் வாழ்ந்த ஆளுக்கு யாழ் மேல் பைத்தியம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் கடற்கரை. காற்று வாங்கலாம், கச்சான் கொறிக்கலாம், குளிக்க வேண்டாம்; இழுவை அதிகம். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரை என்ன ஆனது என்று எங்களில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். கேட்காமல் விட்டாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கு மாமாங்கேஸ்வரர். அமிர்தகழியில் இருக்கிறது, ஓட்டோவில் பத்து நிமிடம். ஆடி அமாவாசைத் தீர்த்தம் அங்கே பெரிய திருவிழா; பத்து நாள் நடக்கும், கடைசி நாள் மாமாங்கக் குளத்தில் இறங்கப் பிதிர்க்கடன் உள்ளவர்கள் விடியற்காலையிலிருந்தே நிற்பார்கள். உங்கள் தேதி அதோடு பொருந்தினால் அம்மாவின் பயணம் அந்த ஒரு நாளிலேயே நிறைந்துவிடும், ஆனால் அன்று நெரிசல் தாங்காது, விடியுமுன் போய்விட வேண்டும். இன்னொன்று படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர். பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோயிலை இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது அங்கத்தைய கதை. முன்பெல்லாம் மண்முனைத் துறையில் பாதை ஏறித்தான் போக வேண்டும். பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை; ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. இப்போது பாலம் வந்துவிட்டது, 2014-லிருந்து. பாலம் வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பாதையில் நின்று கிழவிகளோடு கதை கேட்டுக்கொண்டு போன சுகம் போய்விட்டது. தெற்கே குருமண்வெளித் துறையில் பாதை ஓடுகிற நாளாக இருந்தால் மண்டூருக்கு அதில் போங்கள். மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்போம். கதிர்காமம் மாதிரியே திரைக்குப் பின்னால் பூசை, பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டியிருப்பார். படுவான்கரையில் எந்த ஊரிலாவது இரவு வடமோடியோ தென்மோடியோ கூத்து நடக்கிறது என்று காதில் விழுந்தால் மற்ற எல்லாத் திட்டத்தையும் ரத்துச் செய்துவிட்டுப் போங்கள். விடியும் வரை ஆடுவார்கள். பாய் கொண்டு போங்கள்.

பாசிக்குடா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகரத்திலிருந்து வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில். பிறை மாதிரி வளைந்த குடா, வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர், அலை கிடையாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் இந்த நாட்டில் கிடைக்காது. பெரிய ஹோட்டல்களில் தங்கத் தேவையில்லை, பொதுக் கரை இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போய் பத்து மணிக்குத் திரும்பி விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.

கடலடியில் முக்குளிப்பவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் அது வேறு கதை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை இந்தக் கடலில்தான் மூழ்கடித்தன, 307 பேர் செத்தார்கள். விமானந்தாங்கியாகவே வரையப்பட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. ஐம்பது மீட்டருக்குக் கீழே கிடக்கிறது, அந்த ஆழத்துக்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் மட்டும்தான் போகலாம், இரண்டு நாள் பாடம் படித்துவிட்டுப் போக முடியாது. சாதாரண முக்குளிப்புக்காரருக்கு அதே நாள் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. மற்றவர்கள் கரையில் இருந்து நண்டு சாப்பிடலாம்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வந்தது. வாவி இறாலும் நண்டும் இங்கே தேங்காய்ப்பாலில் வேறு விதமாக இருக்கும். காலையில் பிட்டு, மீன் சொதி, தேங்காய்ச் சம்பல். இரவு கொத்து ரொட்டி. அதன் பிறப்பிடம் கிழக்குத்தான் என்பது எங்கள் கட்சி, மற்ற மாவட்டத்துக்காரரோடு சண்டைக்கு வரத் தயார். நல்ல புரியாணியும் வட்டிலப்பமும் வேண்டுமென்றால் காத்தான்குடிக்குப் போங்கள், நகரத்துக்குத் தெற்கே பக்கத்திலேயே. வீதி நடுவில் பேரீச்சை மரம் வரிசையாக நிற்கும், ஒரு நொடி எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தோன்றும். அங்குள்ள பூர்வீக நூதனசாலை (அருங்காட்சியகம்) நன்றாக இருக்கிறது, கிழக்கு முஸ்லிம்களின் பழைய வீடு, தறி, தொழில் எல்லாம் ஆளுயரச் சிலைகளாக. வெள்ளிக்கிழமை மதியம் போனால் எல்லாம் பூட்டியிருக்கும்.

காத்தான்குடியிலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்துக்குப் போகும் கரையோர வீதி எனக்கு மிகவும் பிடித்த பஸ் பயணம். ஒரு ஊர் தமிழ், அடுத்தது முஸ்லிம், அடுத்தது மறுபடி தமிழ், கோபுரமும் மினாராவும் மாறி மாறி வரும். மருதமுனையில் இறங்கிக் கைத்தறிச் சாரமும் (லுங்கி) சேலையும் பாருங்கள், மதுரைச் சுங்குடி தெரிந்தவர்களுக்கு நெசவு பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோயில், பொத்துவில். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

பொத்துவிலை ஒட்டித்தான் அறுகம்பே. ஜூலையில் அங்கே உலகமே கூடியிருக்கும், எல்லோரும் பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலை ஏற வந்தவர்கள். பெரிய அலை உள்ள மெயின் பாயின்ட் உங்களுக்கு வேண்டாம், கீழே பவளப்பாறை. வடக்கே விஸ்கி பாயின்ட்டில் மணல் தரை, தண்ணீருக்குப் பயப்படாத பிள்ளை என்றால் பையனை ஒரு மணி நேர வகுப்பில் விடலாம், இரண்டாம் நாள் பலகையில் எழுந்து நிற்பான். நீங்களும் முயலலாம், விழுந்தால் சிரிப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. அம்மாவுக்கு அந்தக் கூட்டமும் இரவுச் சத்தமும் பிடிக்காது; அவருக்காகப் பொத்துவில் வாவியில் மீனவர்கள் இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டிக் கண்டல் காட்டுக்குள் (நீங்கள் சொல்லும் அலையாத்திக் காடு) கூட்டிப்போகும் பயணம் இருக்கிறது. பின்னேரம் போங்கள். முதலை பார்க்கலாம், சில நாள் கரையில் யானை. கையைத் தண்ணீரில் போட்டு அளைய வேண்டாம்.

அங்கிருந்து பாணமை வழியாக உகந்தை. பாறையும் கடலும் காடும் சேருகிற இடத்தில் முருகன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் இங்கே தங்கித்தான் காட்டுக்குள் நுழைவார்கள். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப்பாதையைத் திறந்துவிடுவார்கள், அநேகமாக ஜூன் கடைசி, ஜூலையில். உங்கள் வருகை அதோடு சேர்ந்தால் அரோகரா சத்தத்தோடு அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். நான் இரண்டு தடவை நடந்திருக்கிறேன், குமண தாண்டி யால வழியாக, கால் வெடித்து, தண்ணீருக்குத் தவித்து; மூன்றாம் தடவையும் போவேன். உகந்தைக்குப் பக்கத்திலேயே குமண தேசியப் பூங்கா வாசல். மே, ஜூன், ஜூலையில் குமண வில்லுவில் (ஆழமில்லாத நீர்நிலை) பறவைகள் கூடு கட்டியிருக்கும். விடியற்காலை ஜீப்பில் போங்கள். ஜீப் பேசும்போது விலையில் நுழைவுச் சீட்டும் வரியும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நான் ஒரு தடவை விருந்தினர்களுக்காகப் போனில் பேசி, வாசலில் வைத்து இரண்டு மடங்கு கொடுத்து வந்திருக்கிறேன், வெளிநாட்டவர் சீட்டு விலை உள்ளூர்ச் சீட்டைவிடப் பல மடங்கு என்பதை ஜீப்காரர் கடைசி நிமிடம் வரை வாயே திறக்கவில்லை.

யானை பார்க்க வேண்டும் என்று பையன் அடம் பிடித்தால் இங்கினியாகலைக்குப் போங்கள். 1949-ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் அங்கே. பெயரில்தான் சமுத்திரம், நன்னீர்க் குளம், ஆனால் நடுவில் நின்றால் கரை தெரியாது. இங்கே ஜீப் இல்லாமல் படகில் போய் யானை பார்க்கலாம். தண்ணீர் வற்றும் மாதங்களில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும், தும்பிக்கை மட்டும் மேலே தெரியும். கட்டாயம் வரும் என்று யாராவது சத்தியம் பண்ணினால் நம்பாதீர்கள். ஜூலையிலும் போகலாம், விடியற்காலைப் படகு பிடியுங்கள், இரவு அம்பாறையில் தங்குங்கள்.

உங்கள் தமிழ் எடுபடும், கவலையே வேண்டாம், தொலைக்காட்சி புண்ணியத்தில் நீங்கள் பேசுவது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கும். நாங்கள் பேசுவதுதான் உங்களுக்குச் சிக்கல். ஓட்டோக்காரர் "இதால கிறுகட்டா" என்றால் திரும்பட்டுமா என்று அர்த்தம், கிறுக்கு என்று உங்களைத் திட்டவில்லை. "மறுகா வாங்க" என்றால் பிறகு வாருங்கள். வயதான அம்மா உங்கள் மகனை "மனே" என்று கூப்பிட்டால் மகனே என்கிறார், சாப்பிட ஏதோ தரப்போகிறார்.

பயம் பற்றிக் கேட்டீர்கள். யுத்தம் 2009-ல் முடிந்தது. இப்போது நீங்கள் பயப்பட வேண்டியது வெயிலுக்கும் இருட்டில் வீதிக்கு வரும் யானைக்கும்தான். பாணமை வீதி, இங்கினியாகலை வீதி இரண்டிலும் பொழுது பட்டபின் வாகனம் ஓட்டச் சொல்லாதீர்கள், டிரைவர் வீரம் பேசினாலும் விடாதீர்கள். இந்தியப் போனில் பணம் கட்டும் வசதி 2024-லிருந்து இலங்கையில் இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில் அதை நம்பி நிற்க வேண்டாம், கையில் காசு வைத்திருங்கள். கோயில்களில் ஆண்கள் சட்டை கழற்ற வேண்டியிருக்கும், ஒரு சால்வை பையில் கிடக்கட்டும்.

ஆக, பொலன்னறுவையில் ஒரு இரவு, மட்டக்களப்பில் மூன்று, அறுகம்பேயில் இரண்டு, ஆசையிருந்தால் அம்பாறையில் ஒன்று. மிச்ச நாளுக்குக் கண்டி. காலி, பெந்தோட்டையை இந்தத் தடவை விடுங்கள், டிசம்பரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் சம்மதிக்க மாட்டார், கிழக்கில் அவருக்குத் தெரிந்த ஹோட்டல் குறைவு. அது அவர் பிரச்சினை.

கடைசியாக எருமைத் தயிர். மண்சட்டியில் வரும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மேலே கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்துப் பாகு, ஊற்றிச் சாப்பிட வேண்டும். ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று இரண்டு சட்டி வாங்கி விமான நிலையம் வரை சுமக்காதீர்கள், என் திருச்சிச் சொந்தக்காரர் சுமந்து பார்த்தார், சூட்கேஸ் முழுக்கத் தயிர். புறப்படுகிற காலையில் நால்வரும் ஒரு சட்டியைச் சுற்றி உட்கார்ந்து முடித்துவிட்டு, வெறும் சட்டியைக் கழுவி எடுத்துப் போங்கள்.